தகப்பன் கனடாவில், பிள்ளை லண்டனில்: தாபரிப்புக் காசை எடுப்பது எப்படி?

நீங்கள் பிள்ளையோடு இங்கிலாந்தில். அவர் கனடாவில். நீதிமன்றக் கட்டளை கையில் இருந்தும் காசு வரவில்லை, அல்லது கட்டளையே இன்னும் எடுக்கவில்லை. அப்படியானவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்த வழியால் போனவள். தொடக்கத்தில் எனக்குக் கிடைத்த புத்திமதி இரண்டே வகை. "நாடு விட்டுப் போனால் ஒன்றும் செய்யேலாது, விடு" என்றார்கள் சிலர். "கனடாவில ஒரு லோயரைப் பிடி" என்றார்கள் மற்றவர்கள். இரண்டும் பிழை. அரசாங்க வழி ஒன்று இருக்கிறது. அந்த வழிக்குக் கட்டணம் கிடையாது, நீங்கள் ரொறன்ரோவுக்குப் போகவும் தேவையில்லை.

நீங்கள் போகாதபடியால் அங்கே உங்களுக்காகப் பேசப்போவது உங்கள் கோப்பு மட்டும்தான். உங்களைத் தெரியாத, உங்கள் கதையைக் கேட்க நேரமில்லாத ஒரு உத்தியோகத்தர் அதைத் திறந்து பார்ப்பார். அவருக்குச் சந்தேகம் வருகிற ஒவ்வொரு இடத்திலும் கோப்பு திரும்பி வரும், மாதங்கள் போகும். கீழே சொல்வதையெல்லாம் அந்த ஆளை மனதில் வைத்து வாசியுங்கள்.

இது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் அலுவலகங்கள் வேறு. பிள்ளையை வைத்திருப்பது தகப்பன், காசு தரவேண்டியது தாய் என்றாலும் வழி ஒன்றுதான்.

1. சீ.எம்.எஸ் உங்களுக்குப் பொருந்துமா?

நம்மவர்கள் எல்லோரும் முதலில் ஓடுவது சைல்ட் மெயின்ரனன்ஸ் சேர்விஸ் என்ற சீ.எம்.எஸ்ஸிடம், அதாவது பிள்ளைத் தாபரிப்பைக் கணக்கிட்டு வசூலிக்கிற இங்கத்தைய அரச சேவையிடம். தாய், தகப்பன், பிள்ளை எல்லோரும் பிரித்தானியாவில் வழமையாக வசிப்பவர்களாக இருந்தால்தான் அவர்களால் கணக்குப் போட முடியும். தகப்பன் கனடாவில் குடியேறிவிட்டால் அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

விதிவிலக்குகள் உண்டு. அவர் வெளிநாட்டில் இருந்தாலும் பிரித்தானிய அரச சேவையில் அல்லது இராணுவத்தில் இருந்தால், அல்லது இங்கே பதிவான கொம்பனி ஒன்று இங்கத்தைய சம்பளப் பட்டியலில் வைத்து அவருக்குச் சம்பளம் கொடுத்தால், சீ.எம்.எஸ் செய்யும். ஆறு மாத ஒப்பந்தத்தில் போனவரைக் "குடியேறிவிட்டார்" என்று நீங்களே முடிவு செய்து வழக்கை மூடிவிடாதீர்கள். "நான் கனடாவில" என்று சொல்லிக்கொண்டு லண்டன் ஹரோவில் வாடகை கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே சீ.எம்.எஸ் கேஸ் இருந்து அவர் போய்விட்டார் என்றால், போன திகதிக்குப் பிறகு புதிய தொகை சேராது. அதற்கு முந்திய நிலுவை அழிந்துபோவதில்லை. எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

2. எந்த நாடு, எந்த மாகாணம்?

வெளிநாட்டில் தாபரிப்புக் கட்டளையைச் செல்லுபடியாக்கும் முறையை இங்கே "ரீமோ" என்பார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் கோப்புகளைக் கையாளும் ரீமோ பிரிவு லண்டனில் ஒபிஷியல் சொலிசிற்றர் அலுவலகத்தின் கீழ் இருக்கிறது. எந்த நாட்டோடு ஒழுங்கு இருக்கிறதோ அந்த நாட்டுக்குத்தான் அது கோப்பு அனுப்பும்.

கனடா முழுவதும் ஒன்று என்று நினைக்காதீர்கள். தாபரிப்பு அங்கே மாகாண விஷயம். ஒன்ராறியோ 1974 முதலே பிரித்தானியாவின் பட்டியலில் இருக்கிறது. மற்ற ஆங்கில மாகாணங்களும் உண்டு, கியூபெக் இல்லை. ஆள் ஒன்ராறியோவின் ஸ்காபரோவில் இருந்தால் உங்களுக்கு வழி இருக்கிறது. கியூபெக்கின் மொன்றியலில் இருந்தால் இந்த வழி அடைபட்டது, அங்கத்தைய சட்டத்தரணியைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. 2024 இல் ஒன்ராறியோ, மனிடோபா, பிரிட்டிஷ் கொலம்பியா மூன்றும் 2007 ஆம் ஆண்டின் ஹேக் தாபரிப்பு உடன்படிக்கைக்குள் வந்துவிட்டன. அதற்குப் படிவங்கள் வேறு. யாரோ ஒரு அக்கா சில வருடங்களுக்கு முன் நிரப்பிய படிவத்தை வாங்கி அப்படியே நிரப்பி அனுப்பாதீர்கள். எந்தச் சட்டத்தின் கீழ் உங்கள் கோப்புப் போகும், எந்தப் படிவம் என்று, 6 ஆம் பகுதியில் சொல்லும் தாபரிப்பு அமுலாக்க மையத்திடமே கேளுங்கள்.

வேறு நாடுகளைப் பற்றிச் சுருக்கமாக: ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே எல்லாம் 2007 உடன்படிக்கையில் உள்ளன. சுவிஸ் அதில் இல்லை, பழைய உடன்படிக்கைகள் வழியாகப் போகலாம். இந்தியாவும் இலங்கையும் பிரித்தானியாவின் பட்டியலில் உண்டு, ஆனால் அங்கே விரைவை எதிர்பார்க்காதீர்கள். டுபாய், கட்டார், சவூதி என்றால் ரீமோ வழி இல்லை.

3. கட்டளையின் சொற்கள்

வாய்ப்பேச்சு, வட்ஸ்அப்பில் "மாதம் 400 போடுறன்" என்ற வாக்கு, இரண்டு பக்கப் பெரியவர்களும் கையெழுத்து வைத்த கடதாசி, ஒன்றும் கனடாவில் செல்லாது. நீதிமன்ற முத்திரையுள்ள கட்டளை வேண்டும்.

விவாகரத்து நடந்திருந்தால் அந்த வழக்கிலேயே கேட்கலாம். கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் "எனக்கு உரிமை இல்லையோ" என்று பயப்படுகிறார்கள். பிள்ளைக்கான காசுக்குத் திருமணப் பதிவு தேவையில்லை. 1989 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், முதலாம் அட்டவணையின் கீழ் விண்ணப்பிக்கலாம். படிவம் ஏ1. நீதிமன்றக் கட்டணம் உண்டு. வருமானம் குறைவு என்றால் இ.எக்ஸ்.160 படிவத்தை நிரப்பிக் கட்டணக் குறைப்போ விலக்கோ கேளுங்கள். சட்ட உதவி, குடும்ப வன்முறைக்குச் சான்று இருந்தாலொழிய, பெரும்பாலும் கிடைக்காது. உண்மையில் செலவு வருகிற இடம் இதுதான். சொலிசிற்றர் பிடித்தால் மணித்தியாலத்துக்கு நூற்றுக்கணக்கில் போகும். என் அபிப்பிராயம்: முழு வழக்கையும் கொடுக்காமல், கட்டளையின் வரைவை மட்டும் ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்கக் காசு கொடுங்கள். அந்தக் காசு வீண்போகாது.

கட்டளை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: புதிதாகக் கட்டளை ஒன்றை அங்கேயே ஆக்கித் தரும்படி ரீமோ மூலம் ஒன்ராறியோவுக்கு விண்ணப்பிப்பது. அப்படிச் செய்தால் தொகை அங்கத்தைய அட்டவணைப்படி, அவருடைய மொத்த வருமானத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வைத்து வரும். அவருடைய சம்பளம் நல்லது, ஆனால் இங்கே அதை நிரூபிக்க உங்களிடம் ஒன்றுமில்லை என்றால் இது மோசமான வழி இல்லை. சம்பளக் கடதாசிகளை அந்த நீதிமன்றமே அவரிடம் கேட்கும்.

இங்கே கட்டளை எடுக்கிறீர்கள் என்றால், தொகைக்கு ஒரு அளவுகோலாக சீ.எம்.எஸ்ஸின் வீதத்தைப் பலர் காட்டுவார்கள்: மொத்த வாரச் சம்பளம் 200 முதல் 800 பவுண் வரை இருந்தால் ஒரு பிள்ளைக்கு 12 வீதம், இரண்டுக்கு 16, மூன்றும் அதற்கு மேலும் 19. நீதிமன்றம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல.

இனிச் சொற்கள். இவற்றில் பிழைத்தால் அந்தக் கனடா உத்தியோகத்தர் உங்களுக்கு உதவ நினைத்தாலும் முடியாது.

"நியாயமான பங்களிப்பைச் செய்வார்" என்று எழுதியிருந்தால் அது வசூலிக்க முடியாத வசனம். தொகை இலக்கத்தில் இருக்க வேண்டும், மாதமா வாரமா, எந்தத் திகதியிலிருந்து, யாருக்கு என்று இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத் தொகை போடச் சொல்லுங்கள். "பிள்ளைகளுக்கு மொத்தம் 600" என்று இருந்து மூத்தவனுக்குப் பதினெட்டு முடிந்தால், மிச்சப் பிள்ளைக்கு எவ்வளவு என்று ஒரு புதுச் சண்டை தொடங்கும்.

முடிவுத் திகதியை விடாதீர்கள். இங்கத்தைய சட்டத்தில், நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், தாபரிப்பு பிள்ளையின் 17 ஆவது பிறந்தநாளோடு நிற்கும். "18 வயதுவரை அல்லது முழுநேரக் கல்வி முடியும்வரை, எது பிந்தியதோ அதுவரை" என்று எழுதுவித்தால் ஏ லெவல், பல்கலைக்கழகம் எல்லாம் காப்பாற்றப்படும்.

பெயர். இது நம்மவர்களுக்கே உரிய தலையிடி. இலங்கைக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். பிரித்தானியக் கடவுச்சீட்டில் மாறி இருக்கும். வங்கியில் முதலெழுத்து மட்டும். கனடா லைசன்ஸில் பெயர் வெட்டப்பட்டு ஒற்றைச் சொல்லாய் இருக்கும். வெள்ளைக்கார உத்தியோகத்தருக்கு இது நான்கு ஆட்கள். கட்டளையிலேயே முழுப்பெயர், பிறந்த திகதி, "இன்ன பெயர்களாலும் அறியப்படுபவர்" என்று எல்லா வடிவங்களையும் போடுவியுங்கள்.

கடைசியாக, அறிவித்தல். அவர் வழக்குக்கு வரவில்லை என்றால், அவருக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டது என்ற சான்று இல்லாமல் கோப்பு அங்கே நகராது. கட்டளையை எதிர்ப்பவர்கள் முதலில் பிடிக்கிற கொப்பும் இதுதான். "அவரின்ர தம்பியிட்டக் குடுத்துவிட்டனான்", "வட்ஸ்அப்பில நீலக் கோடு வந்தது" என்பவை சான்று அல்ல. கனடா 1965 ஆம் ஆண்டின் ஹேக் அறிவித்தல் உடன்படிக்கையில் இருக்கிறது. அந்த வழியாகவோ நீதிமன்றம் அனுமதித்த வேறு வழியாகவோ கையளித்து, கையளிப்புச் சான்றை எடுத்து வையுங்கள்.

4. கோப்பில் என்ன இருக்க வேண்டும்?

கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதி. வீட்டில் எடுத்த போட்டோக்கொப்பி சரிவராது, நீதிமன்றத்தில் கேட்டு எடுக்க வேண்டும். கட்டளை நடைமுறையில் உள்ளது என்ற சான்று. அவர் வராத வழக்கென்றால் மேலே சொன்ன அறிவித்தல் சான்று. நிலுவைக் கணக்கு, அது எந்தத் திகதிக்குக் கணிக்கப்பட்டது என்ற குறிப்போடு.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நீளமானதாக இருக்க வேண்டும். இங்கே இரண்டு வகை உண்டு. குறுகியதில் பெற்றோர் பெயரே இருக்காது. நீளமானதை அரச பதிவு அலுவலகத்தில் எடுக்கலாம், 2024 ஏப்ரலில் விலை 12.50 பவுண் ஆனது. பதிவுத் திருமணம் இல்லாத பெற்றோர் என்றால், தகப்பன் பிறப்புப் பதிவுக்கு வந்திருந்தாலோ முறையாக உறுதிப்படுத்தியிருந்தாலோதான் அவருடைய பெயர் அதில் இருக்கும். இல்லாவிட்டால் முதலில் தகப்பன் யார் என்று நிறுவ வேண்டும், அதற்கு டி.என்.ஏ சோதனை கேட்கப்படலாம்.

திருமணம், விவாகரத்துக் கடதாசிகள். இலங்கையில் எடுத்தவை தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் அத்தாட்சியுள்ள மொழிபெயர்ப்பு வேண்டும். தெரிந்த ஆளைக் கொண்டு செய்த மொழிபெயர்ப்பில் முத்திரை இல்லாவிட்டால் இரண்டாம் முறையும் காசு கொடுக்க வேண்டிவரும்.

அவரைப் பற்றிய விபரம்: விலாசம், வேலை செய்யும் இடம், தெரிந்தால் சமூகக் காப்புறுதி இலக்கம், வாகன இலக்கம், கொம்பனி பெயர். தெளிவான முகப்படம் ஒன்று. கலியாண அல்பத்தில் மாலையோடு நிற்கிற படம் அல்ல, இப்போதைய முகம். ட்றக் ஓட்டுகிறார் என்று மட்டும் தெரிந்தால் அதையும் எழுதுங்கள், லைசன்ஸ் பகுதியில் தேட உதவும். விலாசம் எடுக்கிறேன் என்று அவருடைய சொந்தக்காரருக்கெல்லாம் போன் அடித்தால், கோப்புப் போய்ச் சேருமுன் ஆள் வீடு மாறிவிடுவார்.

ஒரு முக்கியமான விஷயம். அவருக்குப் பயந்து ஒளிந்து வாழ்பவர் நீங்கள் என்றால், உங்கள் விலாசத்தை அவருக்குக் காட்டவேண்டாம் என்று முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். அதற்கு ஏற்பாடு இருக்கிறது. படிவம் போன பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை.

5. நிலுவைக் கணக்கு எழுதுவது

கதை எழுத வேண்டாம். நான்கு நிரல்: மாதம், தரவேண்டியது, தந்தது, மொத்த நிலுவை. இப்படி:

ஜனவரி: 300, 300, நிலுவை 0
பெப்ரவரி: 300, 0, நிலுவை 300
மார்ச்: 300, 120, நிலுவை 480
ஏப்ரல்: 300, 0, நிலுவை 780

அந்த 120 எப்படி வந்தது என்று பக்கத்தில் குறிப்பு: வங்கி, வெஸ்ரேன் யூனியன், எதுவோ. உண்டியலில் (வங்கியில்லாமல் ஆள்மூலம் காசு அனுப்புகிற முறை) உங்கள் அம்மாவுக்குப் போட்ட காசையும், தாபரிப்பு என்று சொல்லித் தந்திருந்தால், மறைக்காதீர்கள். ரசீதை அவர் அங்கே நீட்டினால் உங்கள் மற்றக் கணக்கையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். பிறந்தநாளுக்கு அனுப்பிய சைக்கிள் தாபரிப்பு அல்ல, அதைக் கழிக்கத் தேவையில்லை.

காலம் கடத்தாதீர்கள். விவாகரத்து வழக்கில் வந்த தாபரிப்பு என்றால், 12 மாதத்துக்கு மேற்பட்ட நிலுவையை இங்கே வசூலிக்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. "பிள்ளையின்ர தகப்பன்தானே, பார்ப்பம்" என்று மூன்று வருடம் பொறுத்தவர்களுக்குக் கிடைக்கிற பரிசு இது.

6. ஒப்படைப்பதும் காத்திருப்பதும்

கோப்பை நேராக ரீமோவுக்கு அனுப்புவதில்லை. உங்கள் பகுதிக்குரிய தாபரிப்பு அமுலாக்க மையத்தைத் தொடர்பு கொள்ளுங்கள். மெயின்ரனன்ஸ் என்போர்ஸ்மென்ற் பிஸ்னஸ் சென்ரர் என்பது அதன் பெயர், குடும்ப நீதிமன்றத்தின் ஒரு பகுதி. படிவத்தைத் தருவதும், நிரப்பியதை வாங்கிப் பார்ப்பதும் அவர்கள்தான். அங்கிருந்து ரீமோவுக்கு, ரீமோவிலிருந்து கனடாவுக்கு. அனுப்புமுன் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கான் செய்து வையுங்கள். கோப்பு இலக்கம் கிடைத்தவுடன் எல்லா மின்னஞ்சலிலும் அதைத் தலைப்பில் போடுங்கள்.

இவர்கள் உங்கள் சட்டத்தரணிகள் அல்ல, தபால் கொண்டுபோவோர். சட்ட ஆலோசனை கேட்டால் சொல்லமாட்டார்கள்.

எவ்வளவு காலம்? மாதக்கணக்கு. ஒரு வருடம் தாண்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். ஆனால் சும்மா இருக்கவும் வேண்டாம். 2007 உடன்படிக்கையின் கீழ் போன கோப்பென்றால், கோப்புக் கிடைத்து ஆறு வாரத்துக்குள் அந்த நாடு "கிடைத்தது" என்று அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் என்ன நிலை என்று சொல்ல வேண்டும். அந்தத் திகதிகளை நாட்காட்டியில் குறித்து, தாண்டியவுடன் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கோபமாக எழுதிய மின்னஞ்சலுக்கும் அதே பதில்தான் வரும், இன்னும் பிந்தி.

7. ஒன்ராறியோவில் என்ன நடக்கும்?

கட்டளை அங்கத்தைய நீதிமன்றத்தில் பதிவாகும். அவருக்கு அறிவித்தல் போகும். எதிர்க்க 30 நாள் உண்டு. "காசில்லை", "பிள்ளையைப் பார்க்க விடுகிறாள் இல்லை" என்பவை பதிவைத் தடுக்கிற காரணங்கள் அல்ல. தனக்கு அறிவிக்கப்படவில்லை, அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பது போன்ற சிலதான் எடுபடும். பிள்ளையைப் பார்க்கிற விஷயம் வேறு வழக்கு. அதேபோல், காசு தரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் விடுவதும் உங்களுக்கு உதவாது.

அதற்குப் பிறகு கேஸ் ஃபமிலி ரெஸ்பொன்சிபிலிற்றி ஒபிஸ் என்ற மாகாண அலுவலகத்துக்குப் போகும். ஆட்கள் எஃப்.ஆர்.ஓ என்பார்கள். இங்கத்தைய அலுவலகங்களோடு ஒப்பிட்டால் அதற்குப் பல் அதிகம். நிகரச் சம்பளத்தில் 50 வீதம் வரை வேலை கொடுப்பவரிடமிருந்தே கழிக்கும். வங்கிக் கணக்கில் கை வைக்கும், கூட்டுக் கணக்கென்றால் பாதிவரை. வரித் திருப்பிக் கொடுப்பனவை மறிக்கும். வீட்டின் மேல் உரித்துப் பதியும். கடன் அறிக்கையில் போடும். லொத்தர் விழுந்தால் அதையும் பிடிக்கும். சாரதி லைசன்ஸை நிறுத்தும். ட்றக்கும் ஊபரும் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கடைசி ஒன்று போதும், போன் எடுக்காதவர்கள் எல்லாம் அன்றைக்குப் போன் எடுப்பார்கள். கடைசிக் கட்டத்தில் நீதிமன்றம் 180 நாள் வரை மறியலுக்கும் அனுப்பலாம்.

கையில் காசாகச் சம்பளம் வாங்கும் ஆள் என்றால் இவ்வளவு பல்லும் மெதுவாகத்தான் கடிக்கும். எந்தக் கடை, யாருடைய கொம்பனி என்று தெரிந்தால் எழுதிக் கொடுங்கள்.

அந்த நேரத்தில் உங்களுக்கு ஒரு அழைப்பு வரும். "கேஸை வாபஸ் வாங்கு, நான் நேராகப் போடுறன்." அல்லது மாமி எடுப்பா, அழுவா. வாபஸ் வாங்கினால் எல்லாம் முதலாம் படியிலிருந்து. போடுவதென்றால் அலுவலகம் ஊடாகப் போடட்டும், அதற்கு ஒருவரும் தடையில்லை.

8. காசு வரத் தொடங்கிய பிறகு

பவுணில் இருக்கும் கட்டளை அங்கே கனடா டொலராக மாற்றப்படும். எந்தத் திகதியின் மாற்று வீதம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்கு வரும்போது திரும்பப் பவுணாகும். வங்கியும் ஒரு கீறு எடுக்கும். ஆகவே ஒவ்வொரு மாதமும் ஒரே தொகை வராது. குறைந்து வந்தால் உடனே அவரைக் குற்றம் சொல்லாமல் முதலில் கழித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள்.

யூனிவேர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப்பணம் எடுப்பவர்கள் பயப்பட வேண்டாம். பிள்ளைக்கு வரும் தாபரிப்பை அவர்கள் வருமானமாகக் கணக்கில் எடுப்பதில்லை.

அவர் உங்கள் கணக்குக்கு நேராக ஏதும் போட்டால் அந்த வாரமே அலுவலகத்துக்கு அறிவியுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கணக்கும் ஒத்துவராமல், நீங்கள் பொய் சொன்னவர் ஆகிவிடுவீர்கள்.

வேலை போய்விட்டது, புதுக் குடும்பம் வந்துவிட்டது என்று தொகையைக் குறைக்க அவர் விண்ணப்பிக்கலாம். அதன் கடதாசிகள் பெரிய கவரில் வரும், பதிலுக்குத் திகதி இருக்கும். திறக்காமல் மேசையில் வைத்தால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வரும். உங்கள் வருமானம், வாடகை, பிள்ளையின் செலவு எல்லாவற்றுக்கும் ரசீதோடு பதில் போடுங்கள்.

நீங்கள் வீடு மாறினால், வங்கி மாற்றினால், அவர் அல்பேர்ட்டாவுக்கோ வேறு மாகாணத்துக்கோ போய்விட்டார் என்று கேள்விப்பட்டால், இரண்டு பக்க அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். பிள்ளை 16 ஐத் தாண்டியதும் ஒவ்வொரு செப்ரெம்பரிலும் பள்ளிக்கூடத்திலோ கொலிஜிலோ முழுநேரம் படிக்கிறார் என்ற கடிதம் ஒன்று எடுத்து, கேட்கும்வரை காத்திராமல் அனுப்பிவிடுங்கள்.